எந்தப் பேரில் தேடுவது?

(இரவுப் பாடசாலைகளில் பாடம் சொல்லித்தரும் தோழர்களுக்கான ஒருநாள் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே,

மாணவர்களுக்கு இணையத்தில் தேடச் சொல்லித்தருவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வங்கியில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிறவன் என்பதால் கூப்பிட்டிருப்பீங்க. ஆனா இந்த விஷயத்துக்கு நான் கவிதை எழுதுறவன் என்பதுதான் கூடுதலா உதவுது. ஒரு சொல்லுக்குப் பதிலா இன்னொரு சொல்லைப் போட்டா என்ன ஆகும்னு ராத்திரியெல்லாம் யோசிக்கிற வேலை அது. தேடலும் அதே வேலைதான்.

உள்ளே வரும்போதே ஒரு தோழர் கேட்டார். ‘நம்ம புள்ளைங்க நம்மளவிட வேகமா போனைத் தட்டுதுங்க, அதுங்களுக்கு நாம என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?’ வாஸ்தவம். வேகமாத்தான் தட்டுதுங்க. பாட்டு எடுக்க, படம் பார்க்க, விளையாட. ஆனா ஒன்பதாவது படிக்கிற பையன்கிட்ட ‘பஞ்சமி நிலத்தைப் பத்தித் தேடி ரெண்டு பக்கம் எழுதிக்கிட்டு வாடா’ன்னு சொல்லிப் பாருங்க. எங்க தெருப் படிப்பகத்துல ஞாயித்துக்கிழமை ஏழெட்டுப் புள்ளைங்க வரும். போன் ரெண்டுதான். அங்க நான் சொல்லிப் பார்த்தேன்.

பையன் ‘பஞ்சமி’ன்னு அடிச்சான். பஞ்சமி திதி எப்போ ஆரம்பிக்குது, வாராஹி அம்மனுக்குத் தேங்காய் விளக்கு எப்படி ஏத்துறது, என்ன நைவேத்தியம் வைக்கிறது, இதெல்லாம் வந்தது. நிலம் வரலை. சரி, ‘பஞ்சமி நிலம்’னு சேர்த்து அடிடான்னேன். 2019இல் வந்த ‘அசுரன்’ படத்தை ஒட்டி எழுந்த விமர்சனம், வாக்குவாதம், கட்சிக்காரங்க ஒருத்தர் மேல ஒருத்தர் வீசிக்கிட்ட குற்றச்சாட்டு, அரை மணி நேர வீடியோக்கள். பையன் முதல் வீடியோவைப் பார்த்து அதில் ஒருத்தர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கிட்டான். வேலை முடிஞ்சது என்பது அவன் கணக்கு.

அவனைக் குத்தம் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துலயும் ‘நெட்ல பார்த்து எழுதிட்டு வா’ என்பதோடு வாத்தியார் பாடம் முடிஞ்சுபோகுது. எதைப் போட்டுப் பார்க்கணும்னு யாரும் சொல்றதில்ல.

நான் அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ‘தாலுக்கா ஆபீஸ்ல இந்த நிலத்துக்கு என்ன பேரு வச்சிருப்பான்?’ முழிச்சான். அவனோட தாத்தாவுக்குத் தெரிஞ்சிருந்தது. ‘டி.சி. லேண்டுன்னு சொல்வான்’ என்றார். டிப்ரெஸ்டு கிளாஸ் என்பதன் சுருக்கம். ‘நிபந்தனைப் பட்டா’ன்னும் சொல்வாங்க, ஆபீஸ் தமிழில் ‘கண்டிஷன் பட்டா’. மேடையில் நாம பஞ்சமி நிலம் என்று பேசுறோம், நாம எழுதுறதும் அப்படித்தான். காகிதத்தில் அது வேற பேர்ல தூங்குது. அந்தப் பேரை ஆங்கிலத்தில் அடிச்சு, கூடவே ‘தமிழ்நாடு’ன்னும் ‘ஹைகோர்ட்’னும் சேர்த்தா வருது பாருங்க, தீர்ப்புகள். முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது, அதுக்கப்புறமும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் கைமாத்தலாம், மீறினா கிரயம் செல்லாது என்கிற நிபந்தனைகளைச் சட்ட மொழியில் பேசுகிற பக்கங்கள்.

இன்னும் பின்னால போகணும்னா இன்னொரு பேர் வேணும். ட்ரெமென்ஹீர். செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்தவர். 1891இல் அந்த ஜில்லாவின் பறையர்கள் நிலை பற்றி அரசுக்குக் குறிப்பு எழுதினார். 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. இதைத் தேடும்போது ‘செங்கல்பட்டு’ என்பதை இன்றைய ஆங்கில எழுத்தில் போட்டா அந்தக் குறிப்பு எளிதில் சிக்காது. வெள்ளைக்காரன் எழுதினது ‘சிங்கிள்புட்’. அவனுக்குத் தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’, திருநெல்வேலி ‘டின்னவெல்லி’, திருச்சி ‘ட்ரிச்சினாப்பொலி’. பழைய காகிதத்தைத் தேடுகிற புள்ளை அவன் நாக்கில் ஊரைச் சொல்லத் தெரிஞ்சிருக்கணும்.

நான் இன்னைக்குச் சொல்ல வந்ததன் மையமே இதுதான் தோழர்களே. தேடுகிற பெட்டி நம்ம மனசில் இருக்கிறதைக் கண்டுபிடிக்காது. நாம போடுற சொல் எந்தப் பக்கத்தில் இருக்கோ அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கொண்டாந்து போடும். இப்போ அது அர்த்தம் பார்த்தும் கொஞ்சம் தேடுது, உண்மைதான். ஆனா நம்ம விஷயத்தில் அந்த அர்த்தம் பார்க்கிற புத்தி பெரும்பாலும் திதியிலயும் சினிமாவிலயும் போய் நிக்குது. அதனால பக்கத்தை எழுதினவன் யாரு, எந்தக் காலத்தில் எழுதினான், நம்மளை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டான்? இது தெரிஞ்சாதான் கதவு திறக்கும்.

இங்கதான் வலிக்கிற இடம். எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி என்கிட்ட கேட்டா: ‘அண்ணா, அந்த வார்த்தையை நான் ஏன் என் கையால டைப் பண்ணணும்?’ கெட்டிக்காரப் புள்ளை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில அறிக்கைகளில் நம்ம இருப்பது ‘பறையா’ என்கிற சொல்லுக்குக் கீழே. ஐரோப்பிய மொழிகளில் ஒதுக்கப்பட்டவன் என்பதற்கே பொதுச்சொல்லா ஆக்கிட்டான் அதை. அந்தச் சொல்லைப் போடாம அந்த அறிக்கைகளுக்குள்ள போக முடியாது. போட்டா, அறிக்கையோட வசவும் சேர்ந்து வரும்.

அவளுக்கு நான் ரெட்டமலை சீனிவாசன் கதையைச் சொன்னேன். 1893இல் அவர் பத்திரிகை தொடங்கும்போது அதுக்கு வச்ச பேரே ‘பறையன்’. எதைச் சொல்லி இழிவு பண்ணினானோ அதையே தலைப்பில் அச்சடிச்சு வித்தார். பிறகு சொன்னேன்: இது உன் பேர் இல்லம்மா, அந்தக் காலத்துக் காகிதப் பெட்டிக்கு அவன் போட்ட பூட்டு. சாவியைத் தொட்டுட்டுக் கையைக் கழுவிக்கோ. அவ சிரிச்சா. ஒத்துக்கிட்டாளான்னா, பாதிதான். மீதியை நான் வற்புறுத்தலை. நீங்களும் வற்புறுத்தாதீங்க. அந்த மாதிரிச் சொல்லைப் போட்டுத் தேடுற வேலையை முதல் தடவை நீங்க செய்யுங்க, புள்ளையைப் பக்கத்துல வச்சிக்கிட்டு. தனியா விட்டா, வரலாற்றோட சேர்த்து இன்னைக்குத் திட்டுறவன் எழுதினதும் வந்து விழும்.

எங்க படிப்பகத்துல நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுத வச்சிருக்கோம். பெயர் வரிசைன்னு தலைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காகிதத்துக்குப் பறையர், பஞ்சமர். 1922இல் சென்னை அரசு ஆதிதிராவிடர் என்கிற பெயரை ஏற்று ஆணையிட்டது; அதிலிருந்து தமிழ்நாட்டு அரசுக் காகிதங்களுக்கு அந்தப் பேர். வட்டமேஜை மாநாடு காலத்து ஆங்கிலக் காகிதத்துக்கு டிப்ரெஸ்டு கிளாசஸ். 1935 இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகு ஷெட்யூல்டு காஸ்ட். 1930களில் காந்தி பரப்பின ‘ஹரிஜன்’. நாம வெறுக்கிற பேர்தான், ஆனா அதுக்கப்புறம் ஐம்பது வருஷத்துச் செய்தித்தாளும் அரசுத்துறைப் பலகையும் அந்தப் பேரில்தான் கிடக்கு. ‘தலித்’ என்பது 1972இல் பம்பாயில் தலித் பாந்தர் எழுந்த பிறகு பரவினது. தமிழில் அது வலுவா வேரூன்றினது 1990களில்.

இது தெரியாம 1968 டிசம்பர் 25 வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதைப் பற்றி அன்றைய பத்திரிகையில் ‘தலித் படுகொலை’ன்னு தேடினா என்ன கிடைக்கும்? அன்னைக்கு அந்தச் சொல்லே புழக்கத்தில் இல்ல. ஹரிஜன், மிராசுதார், விவசாயத் தொழிலாளி, கூலி உயர்வு, கிழக்குத் தஞ்சை என்று போகணும். ஊர்ப் பேரையே ஆங்கிலத்தில் நாலு விதமா எழுதுறான். வெண்மணி, கீழ்வெண்மணி, கீழவெண்மணி, அதிலும் ‘ழ’வுக்கு ஒருத்தன் ‘எல்’ போடுவான், இன்னொருத்தன் ‘இசட்எச்’ போடுவான். நாலையும் போடணும். சலிக்கக் கூடாது.

அயோத்திதாசரும் அப்படித்தான். தமிழில் ஒட்டி எழுதுறவங்க, பிரிச்சு எழுதுறவங்க, பண்டிதர்னு சேர்க்கிறவங்க. ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுத்தில் தொடங்குறவங்க, ‘ஏ’ எழுத்தில் தொடங்குறவங்க. ஒரு எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டுட்டு ‘இவரைப் பத்தி அதிகமா இல்ல சார்’னு வந்து நிக்கிறான் மாணவன். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தின மனுஷன். அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்டபோது நம்மில் பலர் மலைச்சுப் போனோம் இல்லையா, இவ்வளவும் எங்கே கிடந்ததுன்னு. கிடந்தது. தேடினவர் பேர் தெரிஞ்சு தேடினார்.

குறிகள் சிலது இருக்கு, அதையும் சொல்லிடறேன், ரொம்ப நேரம் வேண்டாம். ஒரு தொடர் அப்படியே வேணும்னா இரட்டை மேற்கோளுக்குள்ள போடணும். வேண்டாத சொல்லுக்கு முன்னால இடைவெளி விடாம ஒரு கழித்தல் குறி. பஞ்சமி நிலம், கழித்தல் திதி, கழித்தல் அசுரன். அரசாங்கத் தளத்துக்குள்ள மட்டும் தேட ஆங்கிலத்தில் ‘சைட்’, முக்காற்புள்ளி, ஒட்டி ‘கவ் டாட் இன்’. வருஷத்தை ஒரு சொல்லா சேர்க்கிறது பெரிய உதவி. ‘காரணை’ன்னு மட்டும் அடிச்சா மனை விளம்பரத்துக்கு நடுவில் மாட்டிக்கிறோம். ‘காரணை 1994 துப்பாக்கிச்சூடு’ன்னு அடிச்சா, பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் செங்கல்பட்டில் உயிர்விட்ட ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் வருவாங்க. தமிழில் தேடும்போது ஒற்றுப் போட்டும் போடாமலும் பாருங்க. ‘வன்கொடுமைத் தடுப்பு’, ‘வன்கொடுமை தடுப்பு’. இலக்கணம் தெரிஞ்சவன் ஒரு விதமா எழுதியிருக்கான், தெரியாதவன் இன்னொரு விதமா எழுதியிருக்கான். நமக்கு ரெண்டு பேரும் வேணும்.

இப்போ, வந்து விழுற வரிசையைப் பத்தி. எது முதலில் நிக்குதோ அது பெரிசு, உண்மைன்னு புள்ளைங்க நம்புதுங்க. பெரியவங்களும்தான். 1998இல் கூகுளைத் தொடங்கின லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களா இருந்தப்போ கண்டுபிடிச்ச கணக்கு என்ன தெரியுமா? ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் இணைப்புக் கொடுத்தா அது ஒரு ஓட்டு. ஆனா எல்லா ஓட்டும் சமம் இல்ல. ஏற்கெனவே பெரிய பக்கமா இருக்கிறது போடுற ஓட்டுக்கு மதிப்பு ஜாஸ்தி. கேட்ட மாதிரி இருக்கா? ஊர்ப் பஞ்சாயத்துதான். நாட்டாமை கை தூக்கினா பத்துக் கை தூக்கின மாதிரி. இன்னைக்கு அந்தக் கணக்கோட இன்னும் எத்தனையோ கணக்கு சேர்ந்திருக்கு. தலைமேட்டில் காசு கொடுத்த விளம்பரம் வேற உக்காந்திருக்கு. ‘விளம்பரம்’னு சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அந்தச் சின்ன எழுத்தை வாசிக்கக் கத்துக்குடுங்க முதலில்.

பெட்டியில் ரெண்டு எழுத்து அடிக்கும்போதே மீதியை அதுவே நீட்டுது பாருங்க, அதுவும் ஒரு பாடம். எங்க புள்ளை ஒருத்தி பாடப் புத்தகத்தில் இருந்த ஒரு கவிஞர் பேரை அடிச்சா. அடுத்த சொல்லா ‘சாதி’ன்னு வந்து நின்னுது. அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் சொன்னேன், இது மிஷின் கேக்கலம்மா, உனக்கு முன்னாடி அடிச்ச ஆயிரம் பேர் கேட்டிருக்கான். 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெள்ளி வாங்கின நேரம், நாட்டில் எத்தனையோ பேர் அந்தப் பொண்ணு பேரோட சேர்த்துத் தேடின சொல் ‘சாதி’ என்று பத்திரிகைகளே எழுதினது. பந்து அடிச்சது கை. இவன் தேடினது பிறப்பை. அமெரிக்காவில் சஃபியா நோபிள் என்கிற கறுப்பினப் பேராசிரியர் 2018இல் ஒரு புத்தகமே எழுதினார். ‘கறுப்பினச் சிறுமிகள்’ என்று தேடினால் ஆபாசத் தளங்கள் முதலில் வந்து நின்ற காலத்தை வச்சு, தேடுபொறி நடுநிலையான நூலகம் இல்ல, அது விளம்பரக் கம்பெனின்னு அவர் வாதாடினார். சேரிப் புள்ளைக்கு இது சொன்னா உடனே புரியுது. நகரத்துப் பள்ளிக்கூடத்துல விளக்கணும்.

அப்போ ஒரு பக்கத்தை நம்புறதா வேண்டாமான்னு எப்படிச் சொல்றது? பக்கத்தையே உத்து உத்துப் பார்த்தா தெரியாது. அழகா இருக்கும், தேசியக் கொடி போட்டிருக்கும், ‘ஆய்வு மையம்’னு பேர் இருக்கும். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்று ரெண்டு பேர் ஒரு சோதனை வச்சாங்க, 2017இல் வெளியாச்சு. 10 வரலாற்று ஆய்வாளர்கள், 10 செய்தி சரிபார்ப்பாளர்கள், அதே பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர். ஒரு தளத்தைக் காட்டி இதை நம்பலாமான்னு கேட்டாங்க. படிச்ச வரலாற்றுக்காரங்களும் மாணவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுத்திச் சுத்தி ஏமாந்தாங்க. சரிபார்க்கிற தொழில்காரங்க உடனே வெளியே வந்து, இந்தத் தளத்தை நடத்துறவன் யாரு, காசு யாரு குடுக்கிறான்னு வேற பக்கங்களில் விசாரிச்சாங்க. நம்ம அம்மா பொண்ணு பார்க்கப் போனா என்ன பண்ணும்? அந்த வீட்டில் காபி குடிச்சிட்டு வந்துடாது. பக்கத்து வீட்டில் கேக்கும், கடையில் கேக்கும். அதைத்தான் இவங்க ‘பக்கவாட்டு வாசிப்பு’ன்னு பேர் வச்சிருக்காங்க.

விசாரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பத்துப் பக்கம் ஒரே மாதிரி சொன்னா அது பத்துச் சாட்சி இல்ல. ஒருத்தன் எழுதினதை ஒன்பது பேர் நகல் எடுத்திருப்பான். ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோட இருக்கும். ரெட்டமலை சீனிவாசன் பிறந்த வருஷம் ஒரு பக்கத்தில் 1859, இன்னொரு பக்கத்தில் 1860. ஓட்டெடுப்பு நடத்தித் தீர்க்க முடியுமா இதை? 1939இல் அவரே எழுதின ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ இருக்கு. அதைத் தேடி எடுன்னு சொல்லணும். நம்ம பக்கத்து எண்களுக்கும் இதே நியாயம்தான். 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்று எல்லா மேடையிலும் சொல்றோம், எல்லாப் பக்கத்திலும் இருக்கு. எந்த ஆவணம், எந்தப் பக்கம்னு புள்ளை கேட்டா கோவிச்சுக்காதீங்க. அப்படிக் கேக்கிற புள்ளைதான் நாளைக்குக் கோர்ட்டில் நமக்காக நிக்கும்.

அம்பேத்கர் படம் போட்டு ஏதோ ஒரு வாசகம் சுத்துது. பாதி அவர் சொன்னதே இல்ல. மகாராஷ்டிர அரசு 1979இலிருந்து வெளியிட்ட ஆங்கிலத் தொகுதிகள் இந்திய வெளியுறவு அமைச்சகத் தளத்திலேயே இலவசமா இருக்கு. 1936இல் லாகூர் மாநாட்டுக்குன்னு எழுதி, அங்கே பேச விடாததால அவரே அச்சிட்ட சாதி ஒழிப்பு உரையை நியூயார்க்கில் அவர் படிச்ச கொலம்பியா பல்கலைக்கழகம் குறிப்புகளோட வச்சிருக்கு. வாசகத்தை மேற்கோளுக்குள்ள போட்டுத் தேடு, தொகுதி எண் என்ன, பக்கம் என்ன? கிடைக்கலைன்னா பேனரில் போடாதே.

புதுசா வந்திருக்கிற பேசும் மிஷின்களைப் பத்தி ஒரு வார்த்தை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2024இலிருந்து நம்ம நாட்டில் கூகுளே தேடலுக்கு மேலே தானே ஒரு பதிலை எழுதி வைக்குது. சில நேரம் நல்லாவும் இருக்கு, கடினமான ஆங்கிலத் தீர்ப்பை எளிமையாச் சொல்லித் தருது. ஆனா இல்லாத அரசாணை எண்ணை, எழுதப்படாத புத்தகத்தைக் கூசாம சொல்லும். எங்க படிப்பகத்தில் சட்டம் என்னன்னா, பதிலுக்குக் கீழே இருக்கிற இணைப்பைத் திறந்து அந்த வாக்கியம் அங்கே இருக்கான்னு விரல் வச்சுக் காட்டணும். காட்டினாத்தான் நோட்டில் எழுதலாம்.

இப்போ என் கவுண்டருக்கு வர்றேன். உதவித்தொகை. +1 படிக்கிற புள்ளைகள் ‘எஸ்.சி. ஸ்காலர்ஷிப்’னு அடிக்குதுங்க. வருவது பாதி, கட்டணம் கேக்கிற தளம், போன் நம்பரைப் பறிக்கிற தளம், மூணு வருஷத்துக்கு முந்தின தேதி போட்ட செய்தி. அரசாங்கம் அதுக்கு வச்ச பேர் ‘போஸ்ட் மெட்ரிக்’. மெட்ரிக் என்றால் பத்தாவது. பத்தாவதுக்குப் பிறகு என்று அர்த்தம். நம்ம வீட்டில் ‘மெட்ரிக்’னு கேட்டா மெட்ரிகுலேசன் பள்ளிக்கூடம், பணக்காரப் புள்ளைக்குன்னு நினைச்சு விட்டுடறாங்க. ஒன்பது, பத்துக்கு ‘ப்ரீ மெட்ரிக்’. ஒரு சொல் புரியாம ஒரு வருஷக் காசு போகுது. அந்தப் பேரைப் போட்டு, ‘கவ் டாட் இன்’ தளத்துக்குள்ள மட்டும் தேடி, தேதி பார்க்கணும். வருமான வரம்பு இரண்டரை லட்சம் என்பதுகூட எந்த வருஷத்து ஆணையில் இருக்குன்னு பார்த்துட்டு நம்பச் சொல்லுங்க. அப்புறம் கணக்கில் ஆதார் சேர்ந்திருக்கணும், கணக்கு தூங்காம இருக்கணும். அது தேடிக் கிடைக்கிற விஷயம் இல்ல, பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு நேரில் வரணும்.

வந்தவங்கள்ல ஒரு குடும்பம் மறக்க முடியல. மூத்த பொண்ணு நர்சிங் முதல் வருஷம். உதவித்தொகை ஏறின வாரம் ஏ.டி.எம். கார்டு வேலை செய்யல. ஒன்பதாவது படிக்கிற தம்பி வங்கிப் பேரைப் போட்டு ‘கஸ்டமர் கேர் நம்பர்’னு தேடியிருக்கான். முதலில் வந்த நம்பருக்குப் போன் போட்டான். மரியாதையா, நல்ல தமிழில் பேசி, ஒரு செயலியை இறக்கச் சொல்லி, போன் திரையையே அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டான். கணக்கு காலி. அப்பா துப்புரவு வேலை, லீவு போட்டுட்டு வந்து கவுண்டர் முன்னால ஒண்ணும் பேசாம நின்னார். பையன் தப்பாத் தேடலை தோழர்களே. தேடக் கூடாத விஷயத்தைத் தேடினான். அந்த நம்பர் கார்டின் பின்னாடியே அச்சடிச்சிருக்கு. எதைத் தேடக் கூடாதுன்னு சொல்லித்தர்றதும் இந்தப் பாடத்தில் உண்டு. 2025இல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கித் தளமும் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாறணும்னு சொன்னது. அந்த வாலைப் பார்க்கப் பழக்குங்க. காசு போயிட்டா அழுதுக்கிட்டு நிக்காம அந்த நிமிஷமே 1930க்குப் போன். நேரம் போகப் போகப் பணம் கை மாறிடும்.

கடைசியா, தேடியும் கிடைக்காதது. நம்ம விஷயத்தில் இது நிறைய. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டின பக்கங்கள் யூனிகோடு தேடலில் சிக்காது. தொண்ணூறுகளின் சிற்றிதழ்களைப் படம் பிடிச்சு ஏத்தியிருந்தாலும் பல நேரம் அது வெறும் படம்தான், உள்ளே இருக்கிற சொல்லை மிஷின் வாசிச்சிருக்காது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இதழ் பேரைப் போட்டு எடுத்து, பக்கம் பக்கமாப் புரட்டணும். அதுக்கும் மேல, யாரும் எழுதவே எழுதாதது. எங்க தெருவுக்குத் தண்ணி எந்த வருஷம் வந்தது, கோயில் தெருவில் செருப்புப் போட்டு முதலில் நடந்தது யாரு. இணையத்தில் இல்லைன்னா நடக்கலைன்னு புள்ளை எழுதிடக் கூடாது. கிழவிக்கிட்ட கேட்டு, கேட்ட தேதியோட, யார் சொன்னதுன்னு எழுதணும்.

பேசி முடிச்சதும் திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த தோழர் கேட்டார். ‘எங்க ஊர்ல சிக்னலே ஒழுங்கா வராது, போனும் அப்பன் வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவான். எப்படி நடத்துறது?’

போன் இல்லாமதான் பாதிப் பாடம். கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதுங்க. ‘நம்ம ஏரியில் யாருக்கு மீன் பாத்தியதை?’ இதைத் தேட எந்தச் சொற்களைப் போடலாம், புள்ளைங்க ஆளுக்கு அஞ்சு வரி எழுதட்டும். ஒருத்தன் ‘மீன் ஏலம்’னு எழுதுவான், இன்னொருத்தி ‘பாசிக் குத்தகை’ன்னு எழுதுவா, ஒருத்தனுக்குப் பொதுப்பணித்துறை ஞாபகம் வரும். எந்தச் சொல் யார் வாயில் இருக்குன்னு பேசுங்க. அப்புறம் சனிக்கிழமை போன் கைக்கு வரும்போது, எழுதினதைப் போட்டுப் பார்த்து, எந்த வரிக்கு என்ன வந்ததுன்னு பக்கத்திலேயே குறிக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், நெட்டும் மிச்சம்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டுகளைக் கொண்டு வாங்க. முதல் பக்கத்தில் உங்க ஊர்ப் பேரை இதுவரைக்கும் எத்தனை விதமா எழுதியிருக்காங்கங்கிற பட்டியல் இருக்கட்டும். பட்டாவில் ஒண்ணு, பஸ் போர்டில் ஒண்ணு, சர்ச் பதிவேட்டில் ஒண்ணு, வாக்காளர் பட்டியலில் ஒண்ணுன்னு இருக்கும். ஊரையும் சேரியையும் தனித்தனிப் பேரில் எழுதியிருந்தா ரெண்டையும் எழுதுங்க.